ஹால் மூலையில் இருந்த கடல்

நமக்கெல்லாம் தலைக்கு டை அடிக்கிற வயது வந்துவிட்டது. ஆனாலும் பள்ளித் தோழிகள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியாவது அந்தச் சுனாமி வருடத்துக்குப் போய்விடுகிறது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, யார் எங்கே இருந்தோம் என்று ஆளுக்கு ஆள் சொல்வோம். ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாளாம், கட்டில் ஆடியதாம். இன்னொருத்தி வீட்டில் பீரோ கதவு தானாகத் திறந்ததாம். என் முறை வரும்போது நான் டீயை எடுத்து வாயில் வைத்துக்கொள்வேன். நான் அன்று கடற்கரையில் இருந்தேன்.

இதைச் சொன்னால் அலையைப் பற்றிக் கேட்பீர்கள். அலையைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. இங்கே எழுதப்போவது அதற்குப் பிறகு வந்த கோடையில் என் அத்தா, உங்கள் பேச்சில் அப்பா, எங்கள் ஹால் மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் கட்டிய கடலைப் பற்றி. பயந்தாங்கொள்ளி என்று என்னை இன்றைக்கும் கேலி செய்கிறீர்களே, அந்தப் பட்டத்துக்குக் காரணம் என்ன என்று ஒருமுறையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அத்தா நாகல்கேணியில் ஒரு டேனரியில் சூப்பர்வைசர். தோல் ஊறும் தொட்டிகளில் உப்பும் தண்ணீரும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அரையாண்டு லீவு என்று நான் நச்சரித்ததால் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போயிருந்தார். மணலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தோம். தண்ணீர் அலை மாதிரி உருண்டு வரவில்லை. வாளி நிரம்பி வழிவது மாதிரி சும்மா மேலே மேலே வந்தது. அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். தண்ணீர் என் இடுப்புக்கு வந்தபோது அவர் கை திறந்தது. அப்புறம் நான் பார்த்தது அவருடைய முதுகு. வேர்க்கடலை விற்ற பெண்தான் என் சடையைப் பிடித்து இழுத்து ஒரு மதில்மேல் ஏற்றிவிட்டாள்.

வெகுநேரம் கழித்து அத்தா என்னைக் கண்டுபிடித்தார். மண்டியிட்டு என்னைக் கட்டிக்கொண்டு, "கை நழுவிடுச்சு மா, கை நழுவிடுச்சு" என்று அழுதார். வீட்டிலும் அதையே சொன்னார், தெருவிலும் சொன்னார், பள்ளிவாசலிலும் சொன்னார். கேட்டவர்களிடம் நானும் "ஆமா, நழுவிடுச்சு" என்றேன். ஆனால் நழுவுகிற கை எப்படி இருக்கும், திறக்கிற கை எப்படி இருக்கும் என்று அந்தக் கையைப் பிடித்திருந்த பிள்ளைக்குத் தெரியாதா?

அதற்கப்புறம் நான் மாறிப்போனேன். குழாய் திறந்து வாளி நிரம்பும் சத்தம் கேட்டால் பாத்ரூமைவிட்டு ஓடிவந்துவிடுவேன். கண்ணைத் திறந்துகொண்டுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வேன், சோப்பு எரிந்தாலும் சரி. குரோம்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டும்போது அத்தா கையை நீட்டினால் நான் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்வேன். வாளியை எல்லோரும் கவனித்தார்கள், சட்டை நுனியை யாரும் கவனிக்கவில்லை. "புள்ளைக்குத் தண்ணின்னா பயம்" என்று வீடு முடிவு கட்டிவிட்டது. எனக்கு அத்தா மேல்தான் பயம் என்று எப்படிச் சொல்வது? சொல்லியிருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்? என்னை ஒருநாளும் அடித்தவர் இல்லை அவர்.

தொட்டி யோசனை அத்தாவுடையதுதான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று சொன்னார். "கடல சின்னதா பண்ணி வீட்ல வெச்சிட்டா பயம் தெளிஞ்சிடும். தெனம் கண்ணுல பட்டா பழகிப்போயிடும்."

அம்மாவின் கை ரசக் கரண்டியோடு அப்படியே நின்றது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அன்று சாப்பிட வந்திருந்தார். "இன்னா மச்சான், கடல்ல கடல் கீது. அத வூட்டுக்குள்ள வெச்சி இன்னா பண்ணப்போற?" என்றார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையிலிருந்து கண்ணாடித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியவரும் அவர்தான். டிவிப் பெட்டியைவிடச் சிறிய தொட்டி. பழைய பாசி வாடை அடித்தது. ஒரு மூலையில் யாரோ ஒட்டிய ரோஜாப்பூ ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தது நான்.

கடல் தண்ணீர் எடுத்துவரவும் மாமாதான் போனார். நீலாங்கரைப் பக்கம் போய் இரண்டு கேன் நிரப்பி டிவிஎஸ் ஃபிஃப்டியில் கட்டிக்கொண்டு வந்தார். "நீயும் வாயேன் மச்சான்" என்று கூப்பிட்டதற்கு அத்தா டேனரியில் லோடு வருகிறது என்றார். அன்று லோடு எதுவும் வரவில்லை, அத்தா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எனக்கு அதில் அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

கற்கள் கோவளத்திலிருந்து வந்தன. மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் வலையில் சிக்கிய கல்லை எல்லாம் கரையில் குவித்துவைப்பாராம். "பவளம் கிவளம் எடுத்துனு வந்துடாதே, கேஸாயிடும்" என்று அத்தா எச்சரித்து அனுப்பியிருந்தார். வந்தவை வெறும் கற்கள், ஆனால் வெறும் கற்கள் இல்லை. ஊதா நிறத்தில் மேலே ஒரு தோல் படர்ந்திருந்தது. ஓட்டைக்கு ஓட்டை ஏதோ நெளிந்தது. ஈரச் சாக்கைப் பிரித்ததும் ஹால் முழுக்கக் கடல் வாடை அடித்தது. நான் சமையல்கட்டுக்குள் ஓடி அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அத்தா தொட்டி கட்டியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டேனரி ஆள் டேனரி மாதிரியேதான் செய்தார். மணலை அரிசி களைவது போலப் பலமுறை களைந்தார். கூல் டிரிங்ஸ் பாட்டிலில் ஓட்டை போட்டு, பஞ்சை அடைத்து, காற்று மோட்டார் குழாயைச் செருகி ஃபில்டர் செய்தார். எதையும் அவசரப்படுத்தவில்லை. "ஊறட்டும், ஊறட்டும்" என்பார், தோலைச் சொல்வது போல. காலையில் எழுந்ததும் தொட்டியை முகர்ந்து பார்ப்பார். கல்லை நகர்த்த வேண்டும் என்றால் சமையல்கட்டு இடுக்கியைக் கொண்டுவரச் சொல்வார். அதற்கு எட்டாவிட்டால் நீளக் கரண்டி. கடல் தண்ணீரில் விரல் நுனிகூட நனையாமல் ஒரு கடலைக் கட்டி முடித்தார்.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பெருமையானது டேனரி மீட்டர். கண்ணாடிக் குழாய், அடியில் ஈயக் குண்டு, உள்ளே எண்கள் போட்ட காகிதச் சுருள். தண்ணீரில் விட்டால் உப்பு அதிகமாக இருந்தால் மேலே மிதக்கும், குறைவாக இருந்தால் அமிழும். மாமா கொண்டுவந்த கடல் தண்ணீரில் அது இருபத்தைந்தில் நின்றது. "கடல்னா இருபத்தஞ்சு. அவ்ளோதான் விஷயம்" என்று அத்தா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எழுதிவைத்த பாடம் மாதிரி அதை அடிக்கடி சொல்வார். நான் தூரத்தில் நின்றபடியே தலையாட்டினேன்.

மீன் ஒன்றே ஒன்று. கட்டைவிரல் அளவு, உடம்பெல்லாம் கறுப்புக் கோடு. பாறைக் குழியில் துண்டை விரித்துப் பிடித்ததாக மாமா சொன்னார். அதை விட்ட சாயங்காலம்தான் முதல் சத்தம் கேட்டது.

டப்.

யாரோ விரலை நெட்டி முறித்தது போல இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிதாக. நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மறுபடி டப். "கண்ணாடி ஒடையப்போவுது மச்சான்!" என்று மாமா எழுந்து நின்றார். அத்தா குனிந்து தொட்டியின் ஒவ்வொரு மூலையையும் தடவிப் பார்த்தார். எங்கும் கீறல் இல்லை, கசிவு இல்லை. மோட்டாரை நிறுத்திப் பார்த்தார். அப்போதும் டப். சத்தம் இருந்ததிலேயே பெரிய கல்லுக்குள்ளிருந்து வந்தது. கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் குடியேறிவிட்டது. வீட்டுப்பாடம் எழுதும்போது டப். சாப்பாட்டில் கை வைக்கும்போது டப். பம்மல் பக்கம் எங்கள் வீட்டுக்கு மேலேயே விமானம் தாழ்ந்து போகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு விமானத்துக்கும் தொட்டித் தண்ணீரில் வளையம் வளையமாக நடுக்கம் போகும், உடனே கல்லுக்குள்ளிருந்து இரண்டு மூன்று சத்தம் சேர்ந்து வரும். தொட்டி வெடித்துத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறிவிடும் என்று எனக்கு நிச்சயம். ஏறினால் அத்தா எந்தப் பக்கம் ஓடுவார் என்று யோசிப்பேன். ஹாலில் உட்காரும்போது அம்மாவுக்குப் பக்கத்தில், வாசல் பக்கமாக உட்கார்ந்துகொள்வேன். பழகினால் பயம் தெளியும் என்றார் அத்தா. எனக்குப் பயம்தான் பழகியது.

அம்மாவுக்கு வேறு பயம். "கல்லுல ஏதோ கூட வந்திருக்கு" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். "அன்னிக்குக் கடல்ல எத்தன பேர் போனாங்க. யாரோட எதுவோ." அத்தாவிடம் இந்தப் பேச்சை எடுக்க முடியாது. ஓதிப் பார்ப்பது, தாயத்து கட்டுவது எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது, கேட்டால் கோபம் வரும். அம்மா ஒரு நாள் என்னை அழைத்துக்கொண்டு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய் ஒரு பாட்டில் தண்ணீரில் ஓதி வாங்கிவந்தாள். எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் மஞ்சளாக இருக்கும், வாயில் வைக்க முடியாது. அதனால் காசு கொடுத்து வாங்கிய கேன் தண்ணீர் அது.

மறுநாள் சாயங்காலம் மஃரிப் தொழுகைக்கு அத்தா பள்ளிவாசலுக்குக் கிளம்பியதும் அம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். பிஸ்மி சொல்லி ஒரு சொம்புத் தண்ணீரைத் தொட்டியில் மெதுவாக ஊற்றினாள். சொம்பின் விளிம்பு கண்ணாடியில் கிணுகிணு என்று தட்டியது. "அத்தாகிட்ட வாயத் தொறந்துடாதே" என்றாள். நான் திறக்கவில்லை. தினமும் அந்த நேரத்துக்கு ஒரு சொம்பு.

பாட்டில் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும்? நான் கேட்டேன். அம்மாவுக்கு அதில் குழப்பமே இல்லை. ஓதின தண்ணீரை முழுசாகத் தீர விடக்கூடாது, குறையக் குறைய நல்ல தண்ணீர் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். மக்காவுக்குப் போனவர்கள் கொடுத்து எங்கள் வீட்டில் ஜம்ஜம் தண்ணீர் வந்தால் இப்படித்தான் ஆறு மாதம் ஓடும். "குறையறது வெறும் தண்ணிதான். உள்ள இருக்கற பரக்கத் எங்கயும் போவாது" என்றாள். பரக்கத் என்றால் இறையருள். இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

சத்தம் நிற்கவில்லை. ஆனால் அந்தக் கோடையில் தொட்டி செழித்தது. அதை மறுக்க முடியாது. கல்லின் ஊதா பரவியது. ஓட்டைகளிலிருந்து விசிறி போலச் சின்னச் சின்ன மயிர்கள் வெளியே வந்து ஆடின. கல்லின் ஓரத்தில் பழுப்புநிறப் பூ ஒன்று விரிந்தது. மீன் கிட்டே போனால் சுருங்கும், போனதும் விரியும். கண்ணாடிக்குப் பின்னால் பள்ளிக்கூடக் கறுப்புச் சார்ட் ஒட்டியிருந்தோம், அதற்கு முன்னால் அந்தப் பூ விரிந்திருக்கும்போது நான்கூட இரண்டு அடி கிட்டே போய்ப் பார்ப்பேன்.

தெருவில் எல்லோரும் பார்க்க வந்தார்கள். அத்தா மீட்டரை மிதக்கவிட்டுக் காட்டுவார். "பாருங்க, இருபத்தஞ்சு. போட்ட அன்னிக்கு எங்க நின்னுச்சோ அங்கயே நிக்குது. இந்த வெயில்ல தண்ணியும் கொறையல." பக்கத்து வீட்டுக்காரர் ஆச்சரியப்பட்டார். "அதெப்படி சார்?" அத்தா டேனரி அனுபவத்தை எடுத்துவிட்டார். "உப்புத் தண்ணி லேசுல ஆவியாவாது சார். தொட்டியில நான் பாக்கறதில்லயா?" அம்மா உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

ஒரு நாள் மழை வருவது போல இருட்டிக்கொண்டு வந்ததால் அத்தா குடைக்காகப் பாதி வழியில் திரும்பினார். கதவைத் திறந்தபோது அம்மாவின் கையில் சாய்த்த சொம்பு. தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"என்ன ஊத்துற?"

அத்தா சொம்பைப் பிடுங்கி நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். "நல்ல தண்ணி! கடல்ல நல்ல தண்ணிய ஊத்தினா அத்தனையும் செத்துடும், தெரியுமா ஒனக்கு?"

"ரெண்டு மாசமா ஊத்துறேன். எது செத்துச்சு?"

இதற்கு அவர் காது கொடுத்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். அவர் மீட்டரை எடுத்துத் தொட்டியில் விடப்போனார், உப்பு எவ்வளவு குறைந்துவிட்டது என்று அம்மாவுக்கே காட்டுவதற்கு. "எதுக்கு இதெல்லாம்? ஓதி வாங்கினயா? புள்ள பயத்தப் போக்கறதுக்கு நான் ஒண்ணு பண்ணா நீ ஒண்ணு பண்ணுவியா?"

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள் அம்மா. "கடல வீட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சிருக்கீங்க. நாளைக்கு ஒண்ணுன்னா என் புள்ளயத் தூக்கினு ஓட ஆளு வேணும். நீங்க ஒருதடவ வுட்டுட்டு வந்தீங்க."

வீட்டில் யாரும் அதுவரை அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? நான் சொல்லவில்லை. அத்தாவின் கையிலிருந்து மீட்டர் தரையில் விழுந்து நொறுங்கியது. ஈயக் குண்டு உருண்டு என் காலருகில் வந்து நின்றது. அத்தா கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். குடையை எடுக்காமலே போய்விட்டார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு பேரில் ஒருவர் வீட்டைவிட்டுப் போய்விடுவார் என்று அன்றைக்கு நினைத்தேன்.

யாரும் போகவில்லை, ஆனால் பேச்சு நின்றுபோனது. சொம்பும் நின்றது. தொட்டியில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது, கண்ணாடியில் வெள்ளையாக உப்புக் கோடு விழுந்தது. கடல் தண்ணீர் குறைந்தால் கடல் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்? அத்தா மாமாவை அனுப்பிக் கேன் கேனாக வரவழைத்து ஊற்றினார். மீட்டர்தான் இல்லையே, கரண்டியால் மொண்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "சரியாத்தான் இருக்கு" என்பார். ஆண்டுக்கணக்காக உப்புத் தொட்டிகளோடு பழகிய நாக்கு அது.

முதலில் பூ சுருங்கியது, விரியவே இல்லை. பிறகு விசிறிகள் உள்ளே போயின. ஊதா வெளுத்தது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தபோது ஒருக்களித்து மிதந்தது. அத்தா அதைக் கரண்டியில் எடுத்து வாழை மரத்தடியில் புதைத்தார். நான் அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன், சத்தம் இல்லை.

வெகுநேரம் காத்திருந்தேன். விமானம் போனது, தண்ணீர் நடுங்கியது. ஒன்றும் இல்லை. சத்தம் இருந்தபோது பட்ட பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. உள்ளே இருந்த ஏதோ ஒன்று சாகிறது அல்லது வெளியே வந்துவிட்டது. இரண்டில் எது என்று தெரியாமல் காலைத் தரையில் வைக்கவே கூசியது.

"அத்தா, சத்தம் வரல" என்றேன். பல நாளுக்குப் பிறகு நானாக அவரிடம் பேசியது அதுதான்.

அவர் வந்து தொட்டி முன்னால் நின்றார். வெளியே எடுத்துப் பார்க்கலாம் என்று அந்தப் பெரிய கல்லை இடுக்கியால் பிடித்தார், வழுக்கியது. கரண்டியால் நெம்பினார், நகரவில்லை. கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார். கை தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வந்து நின்றுவிட்டது. நெற்றியெல்லாம் வியர்வை. உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார், ஓதுவதில் நம்பிக்கை இல்லாத மனிதர்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாமாவோடு கடலுக்குப் போகாதது, இடுக்கி, கரண்டி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து புரிந்தது. எனக்காகக் கட்டியது என்று சொன்னாரே, அந்தக் கடல் எனக்காக மட்டும் இல்லை.

"கூட நில்லுமா" என்றார். நான் போய் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார். தண்ணீர் முழங்கை வரை ஏறியது. கல்லைப் பிடித்துத் தூக்கினார். தண்ணீரைவிட்டு வெளியே வந்த நொடியில் அவர் உள்ளங்கைக்குள்ளேயே, டப்! இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். சமையல்கட்டிலிருந்து அம்மா ஓடிவந்தாள். கல்லை அவர் கீழே போடவில்லை. மாமா அன்று காலை கொண்டுவந்திருந்த கடல் தண்ணீர் வாளியில் அதை மெதுவாக இறக்கினார். கல்லிலிருந்து என்னவோ ஒன்று நழுவி வாளியின் அடிக்குப் போனது.

இறால். என் சுண்டுவிரல்கூட இல்லை. ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தது, பெரியண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி. வாளி விளிம்பில் எங்கள் மூன்று தலையும் தெரிந்ததும் அது ஓரத்துக்குப் போய், அந்தக் கொடுக்கை எங்களை நோக்கித் தூக்கி, டப் என்றது. அதுவும் பயந்துதான் இருந்திருக்கிறது.

அம்மா சிரித்துவிட்டாள். சிரிப்பு அழுகையாக மாறியது. "இதுக்கா நான் ஹஜ்ரத்துகிட்ட போனேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நாம் சின்னவர்களாக இருந்தபோது பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தோம் இல்லையா? போன வருடம் என் மகள் மீன்தொட்டி கேட்டு அடம்பிடித்தாள். உப்புத் தண்ணீர்த் தொட்டி வைப்பது எப்படி என்று செல்லில் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் முதல் பாடமே இதுதான்: ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே இருக்கும். குறைந்ததற்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கடல் தண்ணீரையே மறுபடி மறுபடி ஊற்றினால் உப்பு ஏறி எல்லாம் செத்துப்போகும். நான் செல்லைக் கீழே வைத்துவிட்டேன். குறையறது வெறும் தண்ணிதான், உள்ள இருக்கறது எங்கயும் போவாது என்று அம்மா சொன்னது காதில் கேட்டது. மீட்டர் இருபத்தைந்தில் நின்றது அம்மாவின் சொம்பால். அத்தா அத்தனை பேருக்கும் காட்டிய பெருமையை மஃரிப் நேரத்துத் திருட்டுத் தண்ணீர்தான் காப்பாற்றியிருக்கிறது.

அத்தாவிடம் போய்ச் சொன்னேன். இப்போது காது கொஞ்சம் மந்தம், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "தோல் தொட்டியில வாரத்துக்கு ஒருதடவ தண்ணிய மாத்திடுவோம். அதான் தெரியாமப் போச்சு" என்றார். அம்மாவிடம் சொன்னதற்கு, "நான் எங்க காப்பாத்தினேன், ஓதின தண்ணி" என்றாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தொட்டி பிறகு அரிசி வைக்கவும், அப்புறம் வெங்காயம் வைக்கவும் பயன்பட்டு, வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. ஆனால் கல்லைத் திருப்பிக் கொண்டுபோய் விட்ட நாளைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

இறால் வெளியே வந்த மறுநாளே அது. மாமா வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, அத்தா, "நானே போறேன்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். "வரியாமா?" அம்மா வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எனக்குச் சடை போட்டுவிட்டாள், வழக்கத்தைவிட இறுக்கமாக.

நீலாங்கரையில் சாயங்கால வெயில். கடல் தூரத்தில் சும்மா கிடந்தது. மணல் ஈரமாக ஆரம்பிக்கும் இடத்தில் நின்றுவிட்டேன். அத்தாவும் நின்றுவிட்டார். வாளிக்குள்ளிருந்து ஒரு டப் வந்தது.

"அன்னிக்குக் கை நழுவல மா" என்றார். கடலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "நான் வுட்டேன். பயந்துட்டேன். வுட்டுட்டு ஓடிட்டேன். அப்புறந்தான் நீ கைல இல்லன்னே தெரிஞ்சுது."

"தெரியும் அத்தா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் சுருங்கி, ஒரே நிமிடத்தில் வயதானவர் மாதிரி ஆகிவிட்டது. ஒரு கையில் வாளி. இன்னொரு கையை என் பக்கம் நீட்டினார். என் கையைப் பற்றவில்லை, சும்மா நீட்டினார். நான் அந்தக் கையைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அதற்குச் சற்று மேலே, மணிக்கட்டை, என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

இறங்கினோம். அலை முழங்காலுக்கு வந்தது. வாளியைச் சாய்த்தார், கல் உருண்டு உள்ளே போனது. அடுத்த அலை கொஞ்சம் பெரியது, என் தொடைவரை ஏறியது. அத்தாவின் ஐந்து விரலும் விரிந்தன. நான் விடவில்லை.